வலைப்பூவைச் சீர்செய்வது எப்படி? பழைய பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்

வலைப்பூ தொடங்குவது சுலபம். பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ ஒரு கணக்கு, ஒரு பெயர், ஒரு டெம்ப்ளேட், முதல் பதிவு. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சங்கதியே இருக்கிறது. ஐம்பது அறுபது பதிவுகள் சேர்ந்தபின் எது எங்கே கிடக்கிறது என்று எழுதியவருக்கே தெரிவதில்லை. பாதி லிங்குகள் வேலை செய்யாது. எப்போதோ சேர்த்த விட்ஜெட்டுகள் (கடிகாரம், எண்ணிக்கைப் பலகை போன்ற சின்னப் பெட்டிகள்) ஓரத்தில் வரிசையாகத் தொங்கும். வருகை ஏறவில்லையே என்று கவலை வந்தால் முதலில் கை போவது டெம்ப்ளேட்டை மாற்றத்தான். புது நிறம், புது பேனர், இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பழைய நிலைமை.

புதிதாக எழுதச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே எழுதியவற்றுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. தேடுபொறி வழியாக வருகிறவர் உங்கள் முகப்புப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் எழுதி மறந்துபோன ஏதோ ஒரு பழைய பதிவில் நேராக வந்து இறங்குகிறார். அவரைப் பொறுத்தவரை அந்த ஒரு பக்கம்தான் உங்கள் வலைப்பூ. அது உருப்படியாக இருந்தால் இன்னொன்றையும் திறந்து பார்ப்பார், இல்லையென்றால் வந்த வழியே போய்விடுவார்.

கீழே சொல்லியிருப்பதை ஏறக்குறைய இதே வரிசையில் செய்துகொண்டு போகலாம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எதையும் தொடும் முன் ஒரு பேக்கப்

பழைய பதிவுகளைத் திருத்தப் போகிறோம், சிலவற்றை அழிக்கவும் போகிறோம். ஆகவே முதல் வேலை பிரதி எடுத்து வைப்பது.

பிளாகர் என்றால் செட்டிங்ஸ் பகுதியில் பேக்கப் எடுக்கும் வசதி இருக்கிறது. கூகுள் டேக்அவுட் வழியாகவும் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டுக்குத் தனியாகவும் ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள். டெம்ப்ளேட் நிரலில் கை வைத்துவிட்டு, பக்கம் வெள்ளையாக வந்து நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

வேர்ட்பிரஸில் டூல்ஸ் பகுதியின் எக்ஸ்போர்ட் மூலம் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள், குறிச்சொற்கள் எல்லாம் அதில் வரும். படங்கள் வராது. படங்களின் முகவரி மட்டும்தான் இருக்கும். பழைய தளம் மூடப்பட்டால் அந்த முகவரிகளால் ஒரு பயனும் இல்லை. எனவே படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள்.

கோப்பு கைக்கு வந்தால் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். யாரும் பார்க்க முடியாதபடி ஒரு சோதனை வலைப்பூ தொடங்கி, அதில் இந்தக் கோப்பை இம்போர்ட் செய்யுங்கள். பதிவுகள் வந்து உட்கார்ந்தால் சரி. ஒரு பிரதி கணினியில், இன்னொன்று வேறோர் இடத்தில். மாதம் ஒருமுறை எடுத்தால் ஒரு தனி வலைப்பூவுக்குத் தாராளம்.

இருப்பைக் கணக்கெடுப்பது

ஒரு எக்செல் தாளைத் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: தலைப்பு, முகவரி, எழுதிய மாதம், கடைசியாகத் திருத்திய மாதம், முடிவு. ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்த்து, முடிவுப் பத்தியில் நான்கில் ஒரு சொல்லை மட்டும் எழுதுங்கள்: வை, திருத்து, சேர், எடு.

"வை" என்றால் நன்றாக இருக்கிறது, தொட வேண்டாம். "திருத்து" என்றால் விஷயம் இருக்கிறது, ஆனால் தலைப்போ தொடக்கமோ தகவலோ சரியில்லை. "சேர்" என்பது ஒரே விஷயத்தைப் பற்றி மூன்று துண்டாக எழுதியிருப்பவற்றை ஒன்றாக்குவதற்கு. "எடு" என்பது, "நாளை விரிவாக எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுதாமலே விட்ட இரண்டு வரிப் பதிவு, காலாவதியான அறிவிப்பு, வேர்ட்பிரஸ் தானாகப் போட்டுக் கொடுத்த வணக்கம் சொல்லும் மாதிரிப் பதிவு போன்றவற்றுக்கு. அந்த மாதிரிப் பதிவை வருடக்கணக்காக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அழிக்கச் சொல்கிறேன் என்று பயப்பட வேண்டாம். மொக்கைப் பதிவாகவே இருந்தாலும் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீடு அது. எடுக்க நினைப்பவற்றை முதலில் டிராஃப்டாக மாற்றி ஒரு மாதம் விட்டு வையுங்கள். யாரும் தேடவில்லை, நீங்களும் தேடவில்லை என்றால் அழித்துவிடலாம்.

இந்தக் கணக்கெடுப்பின்போதே லேபிள்களையும், அதாவது பதிவுகளை வகைப்படுத்தும் குறிச்சொற்களையும், ஒழுங்கு செய்துவிடலாம். "அனுபவம்", "அனுபவங்கள்", "என் அனுபவம்" என்று மூன்று லேபிள் இருந்தால் ஒன்றாக்குங்கள். ஒரே ஒரு பதிவுக்காக உருவாக்கிய லேபிள் யாருக்கும் உதவாது. "பொது" என்ற லேபிளில் பாதிப் பதிவுகள் கிடந்தால் அதைப் பிரிக்க வேண்டும். எட்டுப் பத்து லேபிள்களுக்குள் அடங்காத தனி வலைப்பூவை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு பழைய பதிவைத் திருத்திப் பார்ப்போம்

இந்தப் பகுதியில்தான் உண்மையான பலன் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு பதிவு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைப்பு: "சைக்கிளும் நானும்". தொடக்கம்:

"ரொம்ப நாளாகப் பதிவு எதுவும் போட முடியவில்லை, நண்பர்கள் மன்னிக்கவும். வேலைப்பளு அதிகம். சரி, விஷயத்துக்கு வருவோம். போன வாரம் என் சைக்கிளில் ஒரு பிரச்சினை. அதைப் பற்றிச் சொல்லும் முன், சைக்கிள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லியாக வேண்டும்…"

செயின் கழன்று விழுகிறது என்பது மூன்றாம் பத்தியில்தான் வருகிறது. எப்படிச் சரி செய்தார் என்பது ஆறாம் பத்தியில். தேடி வந்தவர் அதுவரை இருக்க மாட்டார். பதிவு போடாததற்கான மன்னிப்பு எழுதிய அன்று நாலு நண்பர்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து முதல் முறையாக வருகிறவருக்கு அது எதற்கு? எந்தப் பழைய பதிவைத் திறந்தாலும் முதலில் வெட்ட வேண்டியது இந்த மன்னிப்பு வரிகளை.

திருத்திய தலைப்பு: "சைக்கிள் செயின் அடிக்கடி கழல்கிறதா? முதலில் பின்சக்கர நட்டைப் பாருங்கள்". தொடக்கம்:

"கியர் இல்லாத சைக்கிளில் செயின் அடிக்கடி கழன்றால், பெரும்பாலும் பின்சக்கரம் கொஞ்சம் முன்னே நகர்ந்து செயின் தொளதொளவென்று ஆகியிருக்கும். இரு பக்க நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, நேராக இருக்கிறதா என்று பார்த்து மறுபடி முடுக்குங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் சுமார் 1 சென்டிமீட்டர் மட்டும் அசைய வேண்டும்."

அவ்வளவுதான். கேட்டதற்குப் பதில் முதல் பத்தியிலேயே வந்துவிட்டது. சைக்கிள் மீதான பாசம், நடுவழியில் நின்ற கதை, கை முழுக்கக் கரி ஆனது எல்லாம் அதற்குக் கீழே தாராளமாக வரட்டும். தனி வலைப்பூவைப் படிக்க வைப்பதே அந்தக் கதைதான், அதை வெட்டச் சொல்லவில்லை. விஷயம் கிடைத்த நிம்மதியில் வாசகர் கதையையும் படிப்பார்.

எல்லாப் பதிவும் பயன்படும் குறிப்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நினைவுக் குறிப்பு, கவிதை, ஒரு நாள் மனசில் பட்டது எல்லாம் எழுதத்தான் வலைப்பூ. அவற்றின் தலைப்பை இப்படி நீட்டி முழக்க வேண்டாம். ஆனால் "ஒரு நினைவு", "மனசு", "சில எண்ணங்கள்" என்று ஏழெட்டுப் பதிவுக்குப் பெயர் வைத்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது. தலைப்பில் ஒரு பொருளோ ஆளோ இடமோ இருக்கட்டும், அது போதும்.

திருத்தும்போது நான் பின்பற்றச் சொல்லும் வரிசை இது:

1. பதிவை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு எங்கே இடறுகிறதோ அந்த வாக்கியத்தை உடையுங்கள்.
2. தொடக்கத்தில் விஷயம் வரும் வரை உள்ள வரிகளை வெட்டுங்கள்.
3. காலாவதியான தகவல், விலை, மெனு பெயர், பதிப்பு எண் இவற்றை மாற்றுங்கள்.
4. நீளமான பதிவு என்றால் நாலைந்து பத்திக்கு ஒரு துணைத்தலைப்பு வையுங்கள். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது துணைத்தலைப்பு ஆகாது. எடிட்டரில் உள்ள ஹெடிங் வசதியையே பயன்படுத்துங்கள், தேடுபொறிக்கும், பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கும் அதுதான் புரியும்.
5. இதே விஷயத்தில் பின்னால் எழுதிய பதிவு இருந்தால் இங்கிருந்து அதற்கு லிங்க் கொடுங்கள். புதுப் பதிவிலிருந்து பழையதற்கு எல்லோரும் லிங்க் கொடுப்பார்கள். பழையதிலிருந்து புதியதற்குக் கொடுப்பவர்கள் குறைவு.
6. மேலே "திருத்தியது" என்று மாதமும் வருடமும் போடுங்கள்.

பதிவின் தேதியையே மாற்றி முகப்புக்குக் கொண்டுவருவது எனக்கு உடன்பாடு இல்லை. பின்னூட்டங்கள் எல்லாம் பழைய தேதியில் இருக்கும், பதிவு மட்டும் நேற்று எழுதியதாகக் காட்டும், பார்க்கவே விநோதமாக இருக்கும். முழுக்க முழுக்கப் புதிதாக எழுதியிருந்தால் தனிப் பதிவாகவே போட்டு, பழையதில் ஒரு வரி லிங்க் கொடுங்கள். மீள்பதிவு என்றால் மீள்பதிவு என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கருத்து மாறியிருந்தால்? எழுத்துப்பிழையைச் சத்தமில்லாமல் திருத்தலாம். கருத்தை அப்படி மாற்றக் கூடாது, குறிப்பாகப் பின்னூட்டத்தில் யாராவது அதை மறுத்துப் பேசியிருந்தால். பழைய வரியை அப்படியே விட்டு, கீழே ஒரு பின்குறிப்பு எழுதுங்கள்.

பிழை திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குரல்வழித் தட்டச்சும் போன் விசைப்பலகையும் வந்தபின் ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பம் கூடியிருக்கிறது. வாணி, நாவி போன்ற பிழைதிருத்திகள் உதவும், ஆனால் முழுக்க நம்ப முடியாது. "அரை", "அறை" இரண்டுமே சரியான சொற்கள்தான், எது எங்கே வர வேண்டும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். வழக்கமாகத் தவறும் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்து, வெளியிடும் முன் ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். பத்துச் சொல்லுக்கு மேல் இருக்காது, ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பத் தவறுவது அவரவருடைய அதே சொற்கள்தான்.

கண்ணுக்கு வசதி

உங்கள் வலைப்பூவை உங்கள் போனில், லாகின் செய்யாமல், வெளியாள் போலத் திறந்து பாருங்கள். பெரிய திரையில் அழகாகத் தெரிவதெல்லாம் போனில் அப்படியே வரும் என்று நினைக்க வேண்டாம்.

தமிழுக்கென்று சில விஷயங்கள் உண்டு. இரு பக்கமும் நேராக வரும்படி பத்தியை ஜஸ்டிஃபை செய்வது நிறையப் பேருக்குப் பிடிக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் அடங்கும், நடுவில் பெரிய பெரிய ஓட்டைகளாக இடைவெளி விழும். இடதுபக்கம் மட்டும் நேராக விடுங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.5 போதும் என்பார்கள். தமிழில் மேலே சுழிகளும் கீழே வால்களும் உண்டு என்பதால் 1.7 வரை வைத்தால் கண் வலிக்காது. எழுத்தளவு 17, 18 பிக்சல் இருக்கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று போதும், தலைப்புக்கு ஒன்று பத்திக்கு ஒன்று என்று மூன்று நான்கு ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும்.

வேர்ட் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குப்பையும் கூடவே வரும். ஒரு பத்தி சின்ன எழுத்து, அடுத்தது பெரிய எழுத்து என்று தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாசகருக்குக் கிறுக்கலாகத்தான் தெரியும், தேடலிலும் சிக்காது.

கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, தானாகப் பாடும் பாட்டு, திரையில் விழும் பனி, ஓடும் எழுத்து, வருகை எண்ணிக்கைப் பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். யாரும் நகலெடுக்கக் கூடாது என்று வலது கிளிக்கைத் தடுக்கும் நிரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திருடுகிறவர் ஃபீடிலிருந்து (புதுப் பதிவுகளைத் தானாக வெளியே தரும் ஓடை அது) முழுப் பதிவையும் அள்ளிக்கொண்டு போவார், அவருக்கு வலது கிளிக் தேவையே இல்லை. ஒரு சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்க்க நினைத்த நல்ல வாசகர்தான் மாட்டிக்கொள்வார்.

ஓரப் பட்டையில் நான்கு போதும்: தேடல் பெட்டி, லேபிள்கள், சில நல்ல பதிவுகளின் பட்டியல், உங்களைப் பற்றி இரண்டு வரி. நல்ல பதிவுகளை நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாக வரும் "பிரபலமானவை" பட்டியல் ஏற்கெனவே ஓடுவதையே இன்னும் ஓட வைக்கும்.

முகவரியும் லிங்குகளும்

தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கும். அந்த முகவரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக விரியும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாகிறது. புள்ளியும் தனிக் குறிதான் என்பதால் "வணக்கம்" என்ற ஒரே சொல்லில் 7 குறி, ஆக 63 எழுத்து. முகவரியின் இந்தப் பகுதியை வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும் என்பதால் நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் அறுந்து நிற்கும். பிளாகரோ தமிழ் எழுத்துகளை மொத்தமாக விட்டுவிட்டு "பிளாக் போஸ்ட்" என்று ஆங்கிலத்தில் போட்டு ஒரு எண்ணைச் சேர்த்துவிடும். இரண்டிலும் வழி ஒன்றுதான்: வெளியிடும் முன் பதிவின் முகவரியைக் காட்டும் பெர்மாலிங்க் பகுதிக்குப் போய், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் நீங்களே கொடுங்கள். சைக்கிள் பதிவுக்கு "சைக்கிள், செயின்" என்ற இரண்டு சொல்லை நடுவில் சிறுகோடு வைத்து எழுதினால் தீர்ந்தது.

வெளியிட்ட பிறகு முகவரியை மாற்ற வேண்டாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் போடுங்கள். பழைய பதிவுகளின் முகவரி அசிங்கமாக இருந்தாலும் அப்படியே விட்டுவிடுவதே மேல். யாரோ எங்கோ அதற்கு லிங்க் கொடுத்திருக்கலாம்.

சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்று ஒரு தள முகவரி, வாங்கும் எண்ணம் இருந்தால் சீக்கிரமே வாங்குங்கள். நாளைக்கு பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்குப் போனாலும் வாசகருக்குத் தெரிந்த பெயர் மாறாது. உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள், தெரிந்தவர் வாங்கிக் கொடுத்தது என்று விடாதீர்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி, கட்டணம் எடுக்கும் கார்டு காலாவதி ஆகும் மாதத்தையும் குறித்து வையுங்கள். டாட் காம் முகவரி காலாவதியாகி நீக்கப்பட்டபின் மீட்பதற்கு 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அந்தக் கட்டத்தில் மீட்கக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

வெளித்தளங்களுக்குக் கொடுத்த லிங்குகள் நாளாக நாளாகச் செத்துக்கொண்டே வரும். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போயிருந்ததாக 2024-ல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. "இதைப் படித்துப் பாருங்கள்" என்று வெறும் லிங்க் மட்டும் கொடுத்தால், அந்தப் பக்கம் போன அன்று உங்கள் பதிவும் பொருளற்றுப் போகும். அங்கே என்ன இருந்தது என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு லிங்க் கொடுங்கள். சமூக ஊடகப் பதிவுகளை அப்படியே பதிக்கும்போதும் இதே கதைதான். முக்கியமான லிங்க் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். லிங்க் செத்துப்போனால் அந்தச் சேமிப்பின் முகவரியை மாற்றிப் போட்டுவிடலாம். லிங்கை "இங்கே" என்ற சொல்லில் வைக்காமல், எங்கே போகப் போகிறோம் என்று தெரியும் சொற்களில் வையுங்கள்.

படங்கள்

போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலத்தில், பல எம்பி கனத்தில் இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். ஏற்றும் முன் அதில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். ஜன்னலோரத்துப் பூந்தொட்டியைப் படம் எடுத்துப் போட்டால், அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே போகலாம். கூகுளில் தேடிக் கிடைக்கும் படம் யாருடையதோ. சொந்தப் படம் இல்லையென்றால் விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களில் எடுத்து, உரிமக் குறிப்பில் சொன்னபடி எடுத்தவர் பெயரைப் போடுங்கள். மாற்று உரை என்ற கட்டத்தில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பார்வையற்றவர் உங்கள் பதிவைக் கேட்கும்போது அந்த வரிதான் படம்.

எண்களை எவ்வளவு நம்பலாம்

பிளாகர் காட்டும் வருகை எண்ணிக்கையில் மனிதர்களோடு தானியங்கி நிரல்களும் கலந்திருக்கும். திடீரென்று ஒரே நாளில் ஆயிரம் பேர் வந்ததாகக் காட்டினால் விருந்து வைக்க வேண்டாம். எங்கிருந்து வந்தார்கள் என்ற பட்டியலில் முன்பின் தெரியாத தளங்கள் தெரிந்தால் கிளிக் செய்யாதீர்கள், நீங்கள் கிளிக் செய்ய வேண்டும் என்பதற்காகவே அனுப்பப்படும் போலி வருகைகள் அதில் உண்டு. உங்கள் சொந்த வருகையைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கவும் ஒரு வசதி உண்டு, அதை இயக்கி வையுங்கள்.

உருப்படியாக ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். உங்கள் தளத்தைச் சேர்த்து, சைட்மேப் (உங்கள் பக்கங்களின் பட்டியல்) முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று 16 மாதக் கணக்கு வரை காட்டும். அதில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: பலமுறை தெரிந்தும் யாரும் கிளிக் செய்யாத பதிவு எது? தலைப்பு வாசகர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். எக்செல் தாளில் அதற்கு நேரே "திருத்து" என்று எழுதுங்கள். அவர்கள் தேடிய சொல் உங்கள் பதிவில் வேறு பெயரில் இருந்தால் இரண்டையும் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் பார்ப்பது எழுதும் நேரத்தைத் தின்றுவிடும்.

வாசகரைத் தக்கவைப்பது

பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013-ல் மூடப்பட்டது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-ல் போனபோது பிளாகரில் அதன் வழியாக வந்திருந்த பின்னூட்டங்களும் போயின. புதுப் பதிவுகளை வாசகருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவந்த ஃபீட்பர்னர் 2021-ல் அந்தச் சேவையை நிறுத்தியது. ஆகவே வாசகர் பட்டியலை எந்தச் சேவையில் வைத்தாலும் அதை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஃபீட் முகவரி கண்ணில் படும்படி இருக்கட்டும். முழுப் பதிவையும் ஃபீடில் கொடுப்பதே என் வழக்கம். இரண்டு வரி மட்டும் கொடுத்து உள்ளே இழுப்பது வாசகரைச் சலிப்படையத்தான் வைக்கும்.

பின்னூட்டங்களை மட்டறுத்து, அதாவது நீங்கள் படித்து ஒப்புதல் தந்தபின், வெளியிடுங்கள். பெயர் சொல்லாமல் பின்னூட்டமிடும் அனானி வசதி வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம், விவாதம் சூடாகும் விஷயங்களை எழுதுகிறவர் மூடி வைப்பது நல்லது. கேள்வி கேட்டவருக்கு இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அது பதிவிலேயே இருந்திருக்க வேண்டிய விஷயம். அங்கே சேர்த்துவிடுங்கள்.

எவ்வளவுக்கு ஒருமுறை எழுதுவது

தினம் ஒரு பதிவு என்று சபதம் எடுப்பவர்கள் இரண்டாம் வாரத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள். மாதம் இரண்டு என்றாலும் விடாமல் வந்தால் நல்லது. அதோடு மாதம் இரண்டு பழைய பதிவைத் திருத்துங்கள். எழுத ஒன்றும் தோன்றாத நாள் திருத்துவதற்கு ஏற்ற நாள். தோன்றும் விஷயங்களை ஒரே இடத்தில் குறித்து வையுங்கள், பாதி போனிலும் பாதி காகிதத்திலும் வேண்டாம். எழுதி முடித்த சூட்டிலேயே வெளியிடாமல் ஒரு இரவு டிராஃப்டில் விட்டுப் பாருங்கள், காலையில் முதல் பத்தியை நீங்களே வெட்டுவீர்கள்.

சொந்தமாக இடம் வாங்கி வேர்ட்பிரஸ் நிறுவியிருந்தால் இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். பயன்படுத்தாத பிளக்இன்களை முடக்கி வைக்காமல் நீக்கிவிடுங்கள். அட்மின் என்றே பயனர் பெயர் வைக்காதீர்கள், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடி உள்நுழைவை இயக்குங்கள்.

கொஞ்ச காலம் நிறுத்தினால்

வேலை, உடல்நிலை, சலிப்பு என்று எல்லோருக்கும் இடைவெளி வரும். வலைப்பூவை அழிக்காதீர்கள். முகப்பில் ஒரு வரி அறிவிப்பு வையுங்கள். பின்னூட்டங்களை மூடுங்கள், கவனிக்க ஆளில்லாத வலைப்பூவில் குப்பைப் பின்னூட்டம் சேர்ந்துகொண்டே போகும். ஒரு பேக்கப் எடுங்கள். நல்ல பதிவுகளை வேபேக் மெஷினில் சேமியுங்கள். டொமைனை இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள்.

பிளாகர் என்றால் உங்களுடைய இன்னொரு மின்னஞ்சலையும் நிர்வாகியாகச் சேர்த்து வையுங்கள், ஒரு கணக்கு முடங்கினாலும் மற்றதன் வழியே உள்ளே போகலாம். 2 ஆண்டுகளாகப் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023-ல் அறிவித்திருக்கிறது. ஆகவே எழுதாத காலத்திலும் சில மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கணக்கிலும் லாகின் செய்துவிடுங்கள்.